நுரையீரலும் பனியன் துணியும்



திருப்பூர் வட்டாரத்து மாணவர்களுக்குப் பனியன் துணியை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. அத்துணியில் ஒரு சாண் எடுத்து இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். முதலில் எளிதாக நீளும். ஓர் எல்லைக்கு மேல் எவ்வளவு வலிந்து இழுப்பினும் சிறிதே நீளும். பருத்தி நூல் ரப்பர் அன்று. வளைந்து கிடந்த கண்ணிகள் நிமிர்வதனாலேயே துணி விரிகிறது. அவை நிமிர்ந்து முடிந்ததும் இழுப்பு முழுவதையும் நூலே தாங்க நேர்கிறது, துணி விறைக்கிறது. நமது நுரையீரலும் ஏறக்குறைய இவ்வாறே விரிகிறது.

நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களில் இருவகை இழைகள் பின்னிக் கிடக்கின்றன. எலாஸ்டின் எளிதில் நீண்டு மீள்வது. கொல்லாஜன் எளிதில் நீளாதது. சிறிதளவு விரியும்போது கொல்லாஜன் இழைகள் தளர்ந்து வளைந்திருக்கும். மிகுதியாக விரியும்போது அவை நிமிர்ந்து தடுத்து நிறுத்தும்.

வளர்ந்த ஓர் ஆடவரின் நுரையீரல் சுமார் 6 லிட்டர் காற்றைக் கொள்ளும். இயல்பாக மூச்சை விட்டு முடித்த பின்னும் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் உள்ளே எஞ்சியிருக்கும். அமைதியான ஒரு மூச்சில் வந்து செல்வது அரை லிட்டரே. இந்த இடைநிலையில், விரிக்கும் அழுத்தம் ஒரு சென்டிமீட்டர் உயர நீரின் அளவு கூடினால் போதும். சுமார் 200 மில்லிலிட்டர் காற்று உள்ளே வரும். 6 லிட்டரை நெருங்கும் நிலையிலோ, அதே அழுத்தத்திற்கு அதில் ஒரு சிறு பங்கே வரும்.

இழைகள் மட்டும் இதற்குக் காரணமல்ல. 1929-ஆம் ஆண்டில் ஃபான் நேர்கார்ட் என்னும் அறிஞர் நுரையீரலைக் காற்றுக்குப் பதிலாக நீர்மத்தால் நிரப்பிப் பார்த்தார். மிகக் குறைந்த அழுத்தமே போதுமாயிற்று. நுண்ணறைகளின் ஈரப்படலத்திலுள்ள பரப்பு இழுவிசையும் விரிவை எதிர்க்கிறது என்பது இதனால் விளங்கியது. அவ்விசையைத் தணிக்கும் ஒரு பொருளை நுரையீரலே சுரந்துகொள்கிறது. அப்பொருள் போதாமையே குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்பதை 1959-இல் ஏவரி, மீட் என்னும் இருவர் காட்டினர்.

உடல்நலமுள்ளோர் ஒரு சோதனை செய்யலாம். மூச்சை நிரம்ப இழுங்கள். சிறிதளவே வெளிவிட்டு, மீண்டும் நிரம்ப இழுங்கள். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்வதற்குள் மார்பு களைப்பதை உணர்வீர்கள். நுரையீரலோடு மார்புக்கூடும் அங்கே விறைத்து நிற்கிறது.

நமக்குச் சில நொடி விளையாட்டாக உள்ள இந்நிலை, சிலருக்கு நாள்தோறும் நேரும் துன்பம். நூற்பாலைகளில் புளோரூம், கார்டிங் பகுதிகளில் பருத்தித் தூசி மிகுதி. அதைப் பல்லாண்டு சுவாசிப்போருக்குப் பிசினோசிஸ் என்னும் நோய் வரக்கூடும். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுவது அதன் தொடக்க அடையாளம். நோயில் மூச்சுக்குழல்கள் குறுகுகின்றன. குறுகிய குழல் வழியே காற்றை இழுப்பதினும் வெளிவிடுவது கடினம். முன்மூச்சு முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு தொடங்க, உள்ளே காற்றுத் தேங்குகிறது. ஆகவே நுரையீரல் எளிதில் விரியும் இடைநிலையை விட்டு, விறைத்த மேல்நிலையிலேயே அவர் மூச்சுவிட நேர்கிறது. ஒவ்வொரு மூச்சும் ஒரு சுமையாகிறது.

புகைப்பழக்கமும் சேர்ந்தால் கேடு பெருகும். புகை எலாஸ்டினை அழிக்கிறது. தளர்ந்துபோன பழைய பனியனைப் போல் நுரையீரல் விரிந்தபின் மீளும் ஆற்றலை இழக்கிறது.

தூசியைப் பிறக்குமிடத்திலேயே உறிஞ்சி அகற்றுவது ஆலை நடத்துவோரின் கடமை. வேலைக்குத் திரும்பிய நாளில் மார்பு இறுகுவதாக உங்கள் இல்லத்தில் எவரேனும் சொன்னால், அதை அசதி என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோயின் தொடக்கத்திலேயே தூசியினின்று விலகினால் நலம் திரும்ப வழி உண்டு. காலம் கடந்தபின் அவ்வழி அடைபட்டுப்போகும்.