வகுப்பறைக்கு வெளியேயும் ஒரு காலேஜ் இருக்கு

(செம்பாக்கத்தில், இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் மாணவர்களுக்காக நடந்த சந்திப்பில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க. காலேஜ் போகப்போற தம்பி தங்கைகளுக்கு அனுப்புங்க.)

முன்வரிசையில் இருக்கும் பெற்றோர்களுக்கும், பின்வரிசையில் போன் பார்த்துக்கிட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் தனித்தனியா வணக்கம்.

கவுன்சிலிங் முடிஞ்சு சீட் கைக்கு வந்தாச்சு. இப்போ வீட்டுல எல்லாரும் சொல்ற அறிவுரை ஒண்ணுதான். "காலேஜ் போனோமா, படிச்சோமா, வந்தோமான்னு இரு. வேற எதுலயும் தலையிடாத." என் வீட்டுலயும் இதையேதான் சொன்னாங்க. அவங்க பயம் நியாயமானது. குடும்பத்துல முதல் பட்டதாரி, தலைமேல கல்விக்கடன், ஒரு அரியர் விழுந்தா கேம்பஸ் இன்டர்வியூல உட்கார முடியாது. இவ்வளவு இருக்கும்போது வேற என்ன சொல்வாங்க? ஆனா அந்த அறிவுரையில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்.

உதாரணத்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம வேளச்சேரி ரோட்டுல தாம்பரம் பக்கமா போங்க. சேலையூர் தாண்டினா சென்னை கிறித்தவக் கல்லூரி. 1837-ல் தொடங்கின நிறுவனம் அது. நூறு வருஷம் சென்னை நகரத்துக்குள்ளேயே இருந்துட்டு, 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. அப்போ இந்தப் பக்கம் பட்டணத்துக்கு வெகு தூரம். 375 ஏக்கர், பெரும்பாலும் புதர்க்காடு. அங்க ஏன் போனாங்க? இடம் பத்தலைங்கறது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே வளாகத்துல சேர்ந்து வாழ்ந்தாத்தான் அது கல்லூரின்னு நினைச்சாங்க.

அதனால அங்க விடுதி வெறும் படுத்து எழுந்திரிக்கிற இடம் இல்ல. ஆரம்பத்துல சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால்னு மூணு. அதுல ஒண்ணுக்கு நம்ம பக்கத்து ஊர் பேரு! ஒவ்வொரு ஹாலுக்கும் மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பொதுச்செயலாளர், அவருக்குக் கீழே பொறுப்பாளர்கள், கூட்டம், கணக்கு. பதினெட்டு வயசுப் பையன் எழுந்து நின்னு, "இந்தச் செலவு எதுக்கு?"ன்னு இன்னொரு மாணவனைக் கேட்கலாம். அவன் பதில் சொல்லியாகணும். தேர்தல்னா என்னன்னு நாட்டுக்கே காட்டின டி.என். சேஷன் படிச்சதும், கொஞ்ச காலம் வேலை பார்த்ததும் இதே கல்லூரிதான். ஹால் தேர்தலைப் பார்த்துத்தான் அவர் அப்படி ஆனார்னு நான் கதை விடப் போறதில்ல.

அங்கேயே இன்னொருத்தர், எட்வர்ட் பார்ன்ஸ். வேதியியல் பேராசிரியர். ஆனா வகுப்பு முடிஞ்சா செடி, கொடி, மரம்னு கிளம்பிடுவார். தாவரவியல் உலகத்துக்கே தெரியாத செடிகளை அடையாளம் கண்டு எழுதி வச்சார். இன்னைக்கு அந்த வளாகம் பச்சையா இருக்குன்னா அதுல அவர் உழைப்பு இருக்கு. சம்பளம் வாங்கினது வேதியியலுக்கு, பேர் நின்னது செடிக்கு.

"அது பெரிய காலேஜ்பா, எங்க காலேஜ்ல அதெல்லாம் ஏது"ன்னு கேட்பீங்க. சரியான கேள்வி. நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜிலும் தேர்தல் கிடையாது. மாணவர் பிரதிநிதியை ஹெச்.ஓ.டி. நியமிப்பார். கடைசி பீரியட் முடிஞ்ச பத்தாவது நிமிஷம் பஸ் கிளம்பிடும், ஏறலைன்னா வீட்டுக்குப் போக நாமதான் வழி பார்த்துக்கணும். அதுக்குள்ளயும் ஒரு சந்து கிடைச்சது, டிபார்ட்மென்ட் சிம்போசியம். மூணாவது வருஷம் சாப்பாட்டுக் கணக்கு என் பொறுப்பு. 300 டோக்கன் அடிச்சோம், 340 பேர் வந்து நின்னாங்க. கேட்டரிங் அண்ணன் ஒரு பக்கம், பசியில் வெளியூர் காலேஜ் பசங்க ஒரு பக்கம். யாருக்கு முதல்ல, யாரைக் கொஞ்சம் காக்க வைக்கலாம், யார்கிட்ட பேசினா கூட்டம் அடங்கும்னு அரை மணி நேரத்துல முடிவு பண்ணணும். எந்த செமஸ்டர்லயும் இதுக்குப் பேப்பர் இல்ல.

இது எங்க உதவிச்சுன்னு கேளுங்க. 2015 டிசம்பர் மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தாம்பரத்துல மட்டும் 24 மணி நேரத்துல 49 செ.மீ. கொட்டிச்சு. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி. அப்போ நான் பள்ளிக்கூடப் பையன், வேடிக்கைதான் பார்த்தேன். அதுக்கப்புறம் வந்த மழைகள்ல நம்ம அணியில உட்கார்ந்து வேலை பார்த்தேன். வாட்ஸ்அப்ல 200 மெசேஜ் வரும். எது இன்னைக்கு வந்தது, எது நாலு வருஷப் பழசு, யாருக்குப் படகு வேணும், யாருக்குப் பால் பவுடர் போதும்னு பிரிக்கணும். அந்தப் பழக்கம் எனக்கு கோடிங் கிளாஸ்ல வரல. அந்த டோக்கன் கவுண்டர்ல வந்தது.

வாசலை அடைச்சா பசங்க சும்மா இருப்பாங்கன்னு நிர்வாகங்கள் நினைக்குது. இருக்க மாட்டாங்க. 'ரூட்டு தல'ன்னு சென்னையில எல்லாருக்கும் தெரியும். ஒரு பஸ் ரூட்டுல வர்ற மாணவர்களுக்கு ஒரு தலைவன், அவனுக்கு ஆளுங்க, கொடி, கோஷம். 2019 ஜூன்ல பஸ் கூரையில் ஏறின மாணவர்கள் கொத்தா கீழே விழுந்த வீடியோவை நாம எல்லாரும் பார்த்தோம். திட்டினோம், திட்ட வேண்டியதுதான். ஆனா ஐம்பது பேரைச் சேர்த்து, ஒரு நாள் குறிச்சு, ஒரே இடத்துல கொண்டு வந்து நிறுத்தத் தெரிஞ்ச பையனுக்கு காலேஜுக்குள்ள ஒரு நாற்காலி, ஒரு கணக்குப் புத்தகம், கேள்வி கேட்க நாலு பேர் இருந்திருந்தா அவன் கூரைக்கு ஏன் போறான்?

இதுக்கு வழி சட்டப்படியே இருக்கு. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைஞ்ச லிங்டோ குழு 2006-ல் அறிக்கை கொடுத்தது. கல்லூரிகள்ல மாணவர் தேர்தல் நடக்கணும். சூழல் சரியில்லாத இடத்துல நியமன முறை தற்காலிகமா இருக்கலாம், ஆனா படிப்படியா தேர்தலுக்கு மாறணும்னு அது சொல்லுது. போட்டியிடறவருக்கு 75 சதவீத வருகைப்பதிவு வேணும், அந்த வருஷம் அரியர் இருக்கக் கூடாது, செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சடிச்ச போஸ்டர் கூடாது, கையால எழுதினது மட்டும். 'தேர்தல் வந்தா படிப்பு கெடும்'னு சொல்ற நிர்வாகத்துக்கிட்ட இந்த விதிகளைக் காட்டுங்க. அரசியல் கட்சிக் காசு வாங்கக் கூடாதுன்னும் அதுல இருக்கு. ஒரு கட்சிக் கூட்டத்துல நின்னு இதைச் சொல்றது சிலருக்கு வேடிக்கையா இருக்கலாம். நம்ம கட்சிக்கும் சேர்த்துத்தான் அந்த விதி. எனக்கு அதுல முழுச் சம்மதம்.

அப்புறம் என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்கள்ல 40,000 மாணவர்களோட ஆரம்பிச்சது. ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம். பல இடத்துல இது மரக்கன்றோட ஒரு போட்டோ, கடைசியில ஒரு சர்ட்டிபிகேட்னு முடிஞ்சிடுது. 240 மணி நேரம் சாதாரணமில்ல தம்பி. 2019 கோடையில சிட்லபாக்கம் ஏரியில ஊர்க்காரங்களே இறங்கித் தூர்வாரினாங்க. அதே மாதிரி நம்ம செம்பாக்கம் ஏரிக்கு எந்தெந்தத் தெருக் கழிவுநீர் வருதுன்னு நடந்து பார்த்து ஒரு வரைபடம் போட, ஒரு குழுவுக்கு நாலு சனிக்கிழமை போதும். 2021-ல் நாம நகராட்சியிலிருந்து தாம்பரம் மாநகராட்சிக்குள்ள போயிட்டோம், 70 வார்டு. பகுதி சபைக் கூட்டத்துல அந்த வரைபடத்தை விரிச்சுக் கேட்டுப் பாருங்க, பதில் வேற மாதிரி வரும்.

பெற்றோர்களுக்கு ஒண்ணு. பையன் கல்ச்சுரல்ஸ் வேலைன்னு எட்டு மணிக்கு வந்தா சாப்பாடு எடுத்து வைக்கிறோம். பொண்ணு ஆறரைக்கு வந்தா வாசல்லயே விசாரணை. கிறித்தவக் கல்லூரியில 1939-லயே பெண்களைச் சேர்த்துக்கிட்டாங்க. நாம இன்னும் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருக்கோம். கூட்டம் முடிய ஏழு மணி ஆகும்னு பொண்ணு சொன்னா, அப்பா வண்டியை எடுத்துக்கிட்டு தாம்பரம் ஸ்டேஷன்ல போய் நில்லுங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க.

கடைசியா ஒரு அம்மா கேட்டாங்க: "இதுலெல்லாம் சேர்ந்தா அட்டென்டன்ஸ் போயிடாதா தம்பி?" போகும்மா, கவனிக்கலைன்னா. அதனால முதல் செமஸ்டர்ல ஒரே ஒரு குழு. ஓ.டி. லெட்டர்ல நிகழ்ச்சிக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கணும், முடிஞ்சப்புறம் போய் நின்னா கிடைக்காது. இன்டர்னல் வாரத்துல கூட்டம் போட்டா "வர முடியாது அண்ணா"ன்னு சொல்லணும். அதுக்கு முறைக்கிற சீனியர் இருக்கிற குழுவா இருந்தா வேற குழு பாருங்க. முறைப்போட நிக்காம மிரட்டினா அது ராகிங். தமிழ்நாட்டுல 1997-லயே அதுக்குத் தடைச் சட்டம் வந்தாச்சு. யு.ஜி.சி. உதவி எண் 1800-180-5522, இப்பவே போன்ல பதிஞ்சு வச்சுக்கங்க.

#செம்பாக்கம் #தாம்பரம் #கல்லூரிவாழ்க்கை