எழுதாமல் விட்டதை இயந்திரம் ஊகித்துக்கொள்ளும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நேற்று நான் போதுமான புரதம் சாப்பிட்டேனா?" என்று ஒருவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் நேற்று என்ன சாப்பிட்டார் என்பது அதற்குத் தெரியாது. அவர் எழுதிவைத்த உணவுப் பதிவு வேறொரு தரவுத்தளத்தில் இருக்கிறது. அங்கிருந்து அந்த நாளின் சத்துக் கணக்கை எடுத்துவர ஒரு சிறு நிரல் வேண்டும். அதைக் 'கருவி' என்கிறோம். தேவையான கருவியைத் தானே தேர்ந்தெடுத்து வேலையை முடிக்கும் செயலியை 'முகவர்' என்கிறோம்.

முகவர் பொதுவாகக் கருவியின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், கொடுக்க வேண்டிய உள்ளீடு ஆகியவற்றைப் படித்தே முடிவெடுக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற நெறிமுறையிலும் கருவிகள் இப்படித்தான் அறிமுகமாகின்றன. குறிப்பில் ஒன்று விடுபட்டால், மனிதர் என்றால் நம்மைக் கூப்பிட்டுக் கேட்பார். முகவரோ பல நேரங்களில் ஊகித்துக்கொண்டு மேலே போய்விடும். அந்த ஊகம் ஒருவருக்கு உணவு அறிவுரையாகப் போய்ச் சேரும்.

"தினசரிச் சத்து விவரத்தைத் தரும் கருவி" என்று ஒரே வரியில் குறிப்பு எழுதினால் என்னென்ன கோளாறு வரும் என்று பார்ப்போம்.

முதலாவது, அலகு. பிரதமர் போஷன் திட்ட விதிப்படி தொடக்க வகுப்புக் குழந்தையின் மதிய உணவில் 450 கிலோகலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும். இந்த 450 கிலோகலோரியைக் கிலோஜூலில் சொன்னால் ஏறத்தாழ 1,883. ஆஸ்திரேலியாவில் உணவுப் பொட்டலங்களில் ஆற்றலைக் கிலோஜூலில்தான் அச்சிடுகிறார்கள். அலகு இல்லாமல் 1,883 என்று மட்டும் வந்தால், அளவான ஒரு வேளைச் சாப்பாடு நான்கு மடங்கு அதிகமாகத் தெரியும்.

இரண்டாவது, நாள். 05-06-2025 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. அத்துடன், கருவி உலகப் பொது நேரப்படி நாளைக் கணக்கிட்டால் நமக்கு நாள் பிறப்பது காலை 5.30 மணிக்கு. ரம்ஜான் நோன்பு வைப்பவர் அதிகாலை 4.30 மணிக்குச் சாப்பிடும் சஹர் உணவு முந்தைய நாள் கணக்கில் விழுந்துவிடும்.

மூன்றாவது, எடை. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கிலோகலோரி உண்டு. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130தான். எடை சமைப்பதற்கு முன்பா, பின்பா என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான்காவதுதான் மிக முக்கியமானது: வெற்றிடமும் சுழியமும். தேர்வுக்கு வராத மாணவருக்கு நாம் சுழியம் போடுவதில்லை. வரவில்லை என்றுதான் குறிக்கிறோம். ஒரு பெண் வாரத்தில் ஐந்து நாள் உணவைப் பதிவு செய்கிறார். தினமும் 50 கிராம் புரதம். இரண்டு நாள் எழுத மறந்துவிட்டார். ஐந்தால் வகுத்தால் சராசரி 50. மறந்த நாள்களைச் சுழியமாக்கி ஏழால் வகுத்தால் ஏறத்தாழ 36. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம். போதுமான அளவு சாப்பிட்டவரை, ஒரு வெற்றிடம் சத்துக் குறைந்தவராக்கிவிடுகிறது.

இப்போது குறிப்பைத் திருத்தி எழுதுவோம்:

"பயனர் தாமே பதிவு செய்த உணவுகளிலிருந்து, ஒரு நாளின் மொத்தச் சத்து விவரத்தைத் தரும். தனி ஓர் உணவுப்பொருளில் உள்ள சத்தை அறிய இது உதவாது. உள்ளீடு: தேதி, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2025-06-05 என்பதுபோல. நாள் என்பது இந்திய நேரப்படி நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை. ஆற்றல் கிலோகலோரியில், புரதம், மாவுச்சத்து, கொழுப்பு கிராமில். உணவின் எடை சமைத்த பின் உள்ள எடை. பதிவு செய்யாத நாளுக்கு 'பதிவு இல்லை' என்று வரும். அதைச் சுழியமாகக் கொள்ளக்கூடாது. இக்கருவி பதிவுகளைப் படிக்கும், மாற்றாது."

தனி உணவுப்பொருளின் சத்தை அறிய வேறு தரவு இருக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப்பொருள்களின் விவரம் உள்ளது. எது எந்தக் கேள்விக்கு என்று பிரித்துச் சொல்வதும் குறிப்பு எழுதுபவரின் வேலை.

இதை வகுப்பறைக்குக் கொண்டுபோகக் கணினிகூடத் தேவையில்லை. மாணவர்களை மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒருவர் குறிப்பு எழுதட்டும். அடுத்தவர் முகவர், அந்தக் குறிப்பைத் தவிர வேறெதுவும் அவர் கையில் இருக்கக்கூடாது. மூன்றாமவர் கருவி, கற்பனையான உணவுப் பதிவேடு அவரிடம் இருக்கும். "திங்கள் முதல் ஞாயிறு வரை சராசரிப் புரதம் எவ்வளவு?" என்று கேளுங்கள். முகவர் தயங்கும் இடமெல்லாம் குறிப்பில் உள்ள ஓட்டை. அதை அடைத்து மறுபடி ஆடச் சொல்லுங்கள். மொழி வகுப்பில் இது தெளிவாக எழுதும் பயிற்சி, கணக்கு வகுப்பில் சராசரி, அறிவியல் வகுப்பில் உணவுப் பாடம். தொடக்க வகுப்பில் ஒரு வேளை உணவை மட்டும் வைத்து எளிமையாகச் செய்யலாம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். பதிவேடு கற்பனையானதாகவே இருக்கட்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகக் கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள். இரவு வீட்டில் உலை வைக்காத குழந்தை, அதை வகுப்பில் எல்லோர் முன்னும் எழுதிக்காட்டும் நிலை வரக்கூடாது. அந்தக் குழந்தையின் கட்டத்தில் விழுவது வெற்றிடமா, சுழியமா என்பது நமக்குப் புரியும். இயந்திரத்துக்கு நாம் எழுதினால்தான் புரியும்.