மருத்துவமும் தாய்மொழியும்



மருத்துவத்தின் தரத்தை எதனால் அளப்பது? கட்டடத்தின் உயரத்தாலா? கருவிகளின் விலையாலா? நோயாளி தன் நோவைச் சொல்லவும், மருத்துவர் கூறுவதை அவன் விளங்கிக்கொள்ளவும் இயலாத இடத்தில் விலையுயர்ந்த கருவியால் விளையும் பயன் என்ன? உணவுக்கு முன்னா பின்னா, ஒரு வேளையா இருவேளையா என்னும் செய்தி ஆங்கிலத் தாளில் அடைபட்டுக் கிடக்குமானால், அத் தாளை முந்தானையில் முடிந்துகொண்டு ஊர் திரும்பும் மூதாட்டிக்கு மருந்தே நஞ்சாகவும் கூடும்.

இவ்வுண்மையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே செயலிற் காட்டியவர் ஒருவர் உளர். அவர் தமிழரல்லர், அமெரிக்க நாட்டு மாசாச்சுசெட்டிசு மாநிலத்து வூசுட்டரில் 1822-இல் பிறந்த மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன். சமயத் தொண்டராய் 1847-இல் யாழ்ப்பாணம் போந்த அவர், 1848-இல் மானிப்பாயில் தமிழிளைஞர்க்கு மேலை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். விளைவு யாது? கற்றவர் பலர் அரசுப்பணியை நாடிச் சென்றனர். சிற்றூர்கள் மருத்துவரை இழந்தன. இது மாணவர்தம் பண்புக் குறையன்று, கல்விமுறையின் குறை. கல்வியின் மொழி எவ்விடத்துக்கு உரியதோ அவ்விடம் நோக்கியே கற்றவன் காலும் நடக்கும்.

எனவே 1864 முதல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தம் மாணவர் துணைகொண்டு நூல்களையும் ஆக்கினார். ‘இரண வைத்தியம்’ 1867-இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும், ‘கெமிஸ்தம்’ 1875-இலும் வெளிவந்தன. இரு மொழியிலுமாக அறுபதின்மருக்கு மேற்பட்ட மருத்துவர் அவரிடம் பயின்றனர். 1873-இல் தாய்நாடு திரும்பிய பின்னரும், 1884-இல் மறையும் வரை தமிழ் மருத்துவ நூற்பணியை அவர் கைவிட்டாரல்லர்.

இந்நூற்பெயர்களில் வடசொல்லும் அயற்சொல்லும் மலிந்திருத்தல் கண்டு சிலர் முகஞ்சுளிக்கலாம். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழியக்கம் காண்பதற்கு முன் எழுந்தவை அவை. இன்று அறுவை மருத்துவம், உடற்கூற்றியல், வேதியியல் என நற்றமிழ்ச் சொற்கள் நம்மிடம் உள. ஆயினும் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பயிற்றுமொழி இன்றும் ஆங்கிலமே. சொல் தூய்மையுற்றது, செயலோ பின்தங்கிற்று! கலப்புத் தமிழில் கிறீன் மருத்துவரை ஆக்கினார். தூய தமிழை வைத்துக்கொண்டு நாம் அகரமுதலியை மட்டும் ஆக்கினால் போதுமா?

தமிழில் மருத்துவம் இயலுமா என்று வினவுவாரும் உளர். செருமானியரும் சப்பானியரும் தத்தம் மொழியிலன்றோ கற்கின்றனர்? உலக ஆராய்ச்சியை அறிய ஆங்கிலமும் கற்கட்டும். அதனை யாரும் மறுக்கவில்லை. மொழியொன்றே மருத்துவரைச் சிற்றூரில் நிறுத்திவிடும் என்பதுமன்று. தக்க ஊதியமும், குடியிருப்பும், சாலையும் வேண்டும். ஆனால் அவை யாவும் அமைந்த பின்னும், நோயாளியும் மருத்துவரும் இரு மொழியில் நின்றால் இடைவெளி இடைவெளியே.

கல்லூரிக் கல்வி மாறக் காலமாகலாம். பெருஞ்செலவின்றி இன்றே தொடங்கத்தக்கவை மூன்று: மருந்துச் சீட்டு, அறுவைக்கு இசையும் ஒப்பந்தாள், நோயாளி வீடு திரும்புகையில் தரும் அறிவுரை. இம்மூன்றையும் தமிழில் கேளுங்கள், தரும்வரை கேளுங்கள். கேட்பது சலுகையன்று, உயிர்காக்கும் உரிமை.

வெல்க தமிழ்!