நாரி நோவும் கால் விறைப்பும்: முதுகை முறிக்கக் கொடுக்குமுன்
(கல்முனைக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஹிங்குரானைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்களும், அறுவடைக்கு மூட்டை சுமக்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நாரியில் தொடங்கி, தொடை வழியாகப் பாதம் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிற நோவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ருகூவுக்குக் குனிய முடியாமல் கதிரையில் இருந்து தொழுகிறவர்களைப் பள்ளியில் பார்க்கிறோம்.

வாயு பிடித்துவிட்டது என்போம். பெரும்பாலும் அது வாயு அல்ல. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்துகிறது.

இதற்கு நம்மில் பலர் முதலில் தேடுவது முறிவு நெரிவு வைத்தியரை. இளைஞர்கள் போனில் பார்த்துவிட்டு 'கைரோபிரக்டிக்' என்கிறார்கள். 1895இல் அமெரிக்காவில் டி. டி. பாமர் தொடங்கிய முறை அது. சாதாரண நாரி நோவுக்குக் கைவைத்தியம் சிலருக்குச் சுகம் தரும். உடற்பயிற்சியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் 'சடக்' என்ற சத்தத்தை நம்பி ஏமாறாதீர்கள். எலும்பு இடத்துக்கு வந்த சத்தமல்ல அது. மூட்டு நீரில் காற்றுக் குமிழி உண்டாகும் சத்தம். வாயு இருப்பது அங்கேதான்! பிதுங்கிய தட்டைக் கையால் உள்ளே தள்ள முடியாது. இந்த நோவு பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணியும். அந்த நேரத்தில் எண்ணெய் போட்டவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்புக் கழன்று விழுந்தால், இரண்டு காலும் பலமிழந்தால், மோட்டார் சைக்கிள் சீற்றில் படுகிற இடம் விறைத்தால், சிறுநீர் அடைத்தால் அல்லது தெரியாமல் போனால், யாரையும் முதுகில் கைவைக்க விடாதீர்கள். அன்றைக்கே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ பக்கத்திலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். பிந்தினால் கால் திரும்ப வராமலே போகலாம். விழுந்து அடிபட்டவர், காய்ச்சலோடு முதுகு நோகிறவர் எவரும் முறிக்கக் கொடுக்கக் கூடாது.

சலூனில் முடி வெட்டிய பின் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதையும் விட்டுவிடுங்கள். கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

இரண்டு பாதமும் சேர்ந்து எரிந்தால் முதுகை விட்டுவிட்டு இரத்தத்தைப் பாருங்கள். அது சீனி வருத்தமாக இருக்கலாம்.

இனி சங்கத்தின் விஷயம். வேலையில் வழுக்கி நாரி பிடித்தவர் நேரே எண்ணெய்க்குப் போனால் கையில் ஒரு துண்டும் இருக்காது. வேலையில் நேர்ந்த விபத்துக் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் கேட்க வழி உண்டு. காயம் வேலையில்தான் வந்தது என்று காட்டவேண்டியது நாம். ஆகவே முதலில் அரச வைத்தியசாலை. எப்படி, எங்கே நடந்தது என்று டொக்டரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். மேற்பார்வையாளருக்கும் கிளைச் செயலாளருக்கும் அன்றே அறிவியுங்கள்.

ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை. பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும். நீங்கள் சுமக்கிற மூட்டையையும் கரும்புக் கட்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். எடையை எழுதி, எந்த இடம், எந்த நாள் என்று குறித்துக் கிளையில் கொடுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தக் கடதாசிகளைத்தான் மேசையில் வைக்கப்போகிறோம்.