நம்ம அடகு நகைக்கும் ரிசர்வ் வங்கிக்கும் என்ன சம்பந்தம்?

(காஞ்சிபுரம் விளக்கக் கூட்டத்தில் பேசியது)



பேப்பரில் "ரிசர்வ் வங்கி" என்று பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். "அது மும்பைல இருக்கிற பெரிய மனுசங்க சமாச்சாரம், உத்திரமேரூர்ல நாத்து நடுறவனுக்கு என்ன?" என்கிறோம். ஊருக்கெல்லாம் முகூர்த்தப் பட்டு நெய்து கொடுக்கிற காஞ்சிபுரத்தில், நம்ம பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் நகை அடகில் இருக்கு. அந்த நகைக்கு எவ்வளவு பணம், எப்போது ஏலம் என்ற விதியைப் போடுவது அந்த ரிசர்வ் வங்கிதான்.

நம்முடையது ஏரி மாவட்டம். மடையை அளவுக்கு மீறித் திறந்தால் பயிர் அழுகும், அடைத்தால் காயும். நாட்டின் பணத்துக்கு ரிசர்வ் வங்கிதான் மடை. நோட்டு வெளியிடுவது, வங்கிகளுக்குக் கடன் கொடுப்பது, அதற்கு வட்டி வைப்பது, வங்கிகளுக்கு விதி போடுவது அதன் வேலை. விலைவாசி ஏறினால் வட்டியை ஏற்றும். தொழில் படுத்தால் இறக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் 6.50 சதவீதத்தை 5.50 ஆக்கியது. தலைமடை நனைந்தது. கடைமடைக்கு வந்ததா?

இந்த வங்கி 1935-ல் தொடங்கியது. விவசாயக் கடனுக்குத் தனித்துறை வேண்டும் என்று அதன் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் 1951-52-ல் அதுவே எடுத்த கணக்கு என்ன சொன்னது? விவசாயி வாங்கிய 100 ரூபாய் கடனில் வணிக வங்கி கொடுத்தது 1 ரூபாய்கூட இல்லை. கூட்டுறவு கொடுத்தது 3 ரூபாய். ஏறக்குறைய 70 ரூபாய் வட்டிக்காரன் கொடுத்தது! 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகுதான் கிராமத்துக்கு வங்கி வந்தது. இன்று வங்கி கொடுக்கும் கடனில் 100-க்கு 18 விவசாயத்துக்கு, அதில் 10 சிறு, குறு விவசாயிக்கு என்பது ரிசர்வ் வங்கி விதி. 2 லட்சம் வரை ஈடில்லாமல் விவசாயக் கடன் கொடுக்க வேண்டும் என்பதும் 2025 ஜனவரி 1 முதல் விதி. இது யாரும் போட்ட பிச்சை இல்லை!

ஆனால் கவுண்டரில் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "நகை இருக்கா?"

சரி, வைத்தோம். வருசம் முடிந்தால் வட்டியைக் கட்டி அன்றைக்கே திருப்பி வைப்போம். திடீரென்று "அசலையும் சேர்த்துக் கட்டு" என்றார்கள். ஒரு நாள் பணத்துக்குக் கந்துவட்டிக்காரன் வாசலில் நின்றோம். போதாக்குறைக்கு 2025 ஏப்ரலில் ஒரு வரைவு வந்தது. நகைக்குச் சொந்தம் என்று ஆதாரம் காட்டணுமாம்! பாட்டி போட்ட காதுக்கம்மலுக்கு எங்கே போய் ரசீது தேடுவது?

தமிழ்நாடெங்கும் விவசாயிகள் எதிர்த்தோம். மாநில அரசும் எதிர்த்தது. சின்னக் கடன்காரர்களை விட்டுவிடு என்று மத்திய நிதி அமைச்சகமே சொல்ல வேண்டி வந்தது. ஜூன் 6-ந் தேதி இறுதி விதியில் ரிசர்வ் வங்கி இறங்கி வந்தது. எல்லா வங்கியும் 2026 ஏப்ரல் 1-க்குள் அமல்படுத்த வேண்டும் என்றது. அதை மனசில் வையுங்கள்:

ரசீது இல்லையென்றால் உறுதிமொழி போதும்.

வீட்டுச் செலவுக்கு வாங்கும் நகைக்கடன் 2.5 லட்சம் வரை என்றால், நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம்.

கெடு தப்பாத கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டி, எழுதிக் கொடுத்துப் புதுப்பிக்கக் கேட்கலாம்.

கடன் அடைந்தபின் 7 வேலை நாளுக்குள் நகை கைக்கு வரணும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தரணும்.

தகவல் கொடுக்காமல் ஏலம் விடக்கூடாது. ஏலத்தில் மிஞ்சிய பணம் நம்முடையது.

மும்பையில் எழுதிய விதி நம்ம ஊர்க் கிளைக்கு நடந்து வராது. நாம்தான் இழுத்து வரணும். ஆகவே கோருகிறோம்: இந்த விதிகளை ஒவ்வொரு கிளை வாசலிலும் தமிழில் எழுதி வை! 2 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு நகை கேட்காதே! விளைச்சல் பொய்த்த வருசம் நகையை ஏலம் விடாதே!

இனி மேனேஜர் "ரூல் இல்லை" என்றால் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பாதீர்கள். "எந்த ரூல்? எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போவோம்.

மடை நம்முடையது! கடைமடை வரை தண்ணீர் வரும்வரை போராடுவோம்!