நர்சம்மா கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் இருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. உங்கள் தெருவுக்கு வரும் சுகாதார செவிலியர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? பெயர் தெரியாவிட்டாலும் ஆளைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் "நர்சம்மா" என்று சொன்னால் போதும். தோளில் பை, கையில் நோட்டு, இப்போது கூடவே ஒரு செல்போன். வாசலில் நின்று, "ஏக்கா, வீட்ல யாருக்கும் காய்ச்சல் இருக்கா? ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் யாருக்காவது இருக்கா?" என்று கேட்பார். நாமும் அடுப்பில் வைத்த குழம்பு நினைவில், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

அந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்விகள்தான். ஆனால் நாம் சொல்லும் பதிலைப் பொறுத்து உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு உயிர் காப்பாற்றப்படலாம்.

முதலில் அவருடைய வேலையின் அளவைப் பாருங்கள். கிராமப்புறத்தில் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் சுமார் 3,000 பேருக்கும் என்பது கணக்கு. வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தாலும் 1,250 வீடுகள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, பிரசவித்த தாயைப் பார்ப்பது, இவற்றோடு தொற்றுநோய்க் கண்காணிப்பும் சேர்ந்ததுதான் அவர் பணி. 1,250 வீடுகளுக்குள்ளும் போய் ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்க்க ஒருவரால் முடியாது. அதனால்தான் கேட்கிறார். நீங்கள் "இல்லை" என்று சொல்லிவிட்டால் அவருடைய நோட்டிலும் "இல்லை" என்றுதான் பதிவாகும்.

இருமல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

நம் பகுதி நூற்பாலைகளும் தறிகளும் நிறைந்த பகுதி. இராஜபாளையத்தில் மில், சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் வேலை. பஞ்சும் நூலும் புழங்கும் இடத்தில் இருமல் வந்தால், "தூசிதான், வேற ஒண்ணும் இல்ல" என்று நினைப்பது இயல்பு. சில நேரம் அது தூசியாகவே இருக்கலாம். ஆனால் காசநோயும் இதே இருமலாகத்தான் தொடங்கும். இரண்டையும் காதால் கேட்டுப் பிரித்துச் சொல்ல முடியாது. சளிப் பரிசோதனைதான் சொல்லும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் வரும் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, காரணமில்லாமல் எடை குறைவது, சளியில் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளியைக் கொடுத்துப் பாருங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

"காசநோய்னு தெரிஞ்சா ஊரை விட்டே ஒதுக்கி எங்கேயோ கொண்டுபோய் வச்சுருவாங்க" என்று இன்னும் பயப்படும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நிலைமை அப்படித்தான் இருந்தது. சென்னையில் "தாம்பரம் சானடோரியம்" என்று ஒரு ரயில் நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்க வைத்த சானடோரியம் அங்கே இருந்ததால் வந்த பெயர் அது.

அந்த முறையை மாற்றிய ஆய்வும் நம் சென்னையில்தான் நடந்தது. 1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இருக்கிறது. இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதே மருந்து, ஆனால் வீட்டிலேயே. வீட்டில் இருந்தவர்களில் பலர் நெரிசலான, ஏழ்மையான குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். ஊழியர்கள் வீடு தேடிப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கவனித்தார்கள்.

1959-ல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். வீட்டில் உடன் இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை என்பது தொடர்ந்து பார்த்தபோது தெரிந்தது. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே அவர்களுக்குத் தொற்று ஏற்பட வாய்ப்பு இருந்திருக்கிறது. சரியான மருந்து தொடங்கிவிட்டால் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். ஆக, குடும்பத்துக்கு ஆபத்து வருவது மறைத்து வைக்கும் நாட்களில்தான்.

இன்று வீட்டிலேயே இருந்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டால் சாதாரணக் காசநோய் குணமாகிறது. அதைச் சாத்தியமாக்கியது மருந்தும், வீடு தேடி வரும் சுகாதார ஊழியரும் சேர்ந்துதான்.

இத்தனை நல்ல மருந்து இருந்தும் காசநோயால் ஏன் இன்னும் மரணங்கள் நடக்கின்றன? இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கிறது. அதாவது, வந்து சேரும்போதே உடம்பு மிகவும் தளர்ந்துபோயிருக்கிறது. மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதாது என்ற நிலையில் இருக்கும் இவர்களை முதல் நாளே அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்காகத்தான் 2022-ல் தமிழ்நாடு அரசு "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" என்பதைத் தொடங்கியது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்துடன் சேர்ந்து வகுத்த திட்டம். இதில் பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. எடை பார்க்கும் கருவி, உயரம் அளக்கும் நாடா, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, ஒரு கடிகாரம், இவை போதும். கொரோனா காலத்தில் அந்த விரல் கருவியை எல்லோரும் பழகிவிட்டோம். நோய் உறுதியானவுடன் சுகாதார ஊழியர் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எவ்வளவு, யாரையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா.

ஆக்சிஜன் 94-க்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலே, தானாக நிற்க முடியவில்லை என்றால் அது அபாயக் குறி. எடையும் அப்படித்தான். 160 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒருவர் 35 கிலோதான் இருக்கிறார் என்றால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. இப்படிப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்து உணவும் சிகிச்சையும் கொடுக்கிறார்கள். ஐந்து கேள்விகளுக்கும் விடை காணச் சில நிமிடம்தான் ஆகும். ஆனால் நோயாளி மருத்துவமனைக்கு வந்தால்தானே அந்தச் சில நிமிடமே கிடைக்கும்!

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் கூடுதலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. முட்டை, பயறு, கடலை, பால் என்று வீட்டில் முடிந்ததை நோயாளிக்கு மட்டும் ஒதுக்காமல் எல்லோரும் சாப்பிடுங்கள். ஊட்டச்சத்துக்காக மத்திய அரசின் நிக்ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நேரடியாக வங்கிக் கணக்கில் வரும். கணக்கு எண்ணைக் கொடுக்காமல் விட்டவர்கள் நர்சம்மாவிடம் கேளுங்கள். உடன் இருப்பவர்களுக்கும் பரிசோதனை உண்டு. நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்தும் கிடைக்கும்.

"வெளியில தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் அமையாது, வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க" என்று தயங்குகிறீர்களா? அந்தத் தயக்கம் புரிகிறது. உங்கள் நோய் விவரத்தைத் தெருவில் சொல்வது செவிலியரின் வேலை இல்லை. வாசலில் வைத்துப் பேச விருப்பமில்லை என்றால், "நாளைக்கு நிலையத்துக்கு வந்து பேசுறேன்மா" என்று சொல்லுங்கள். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை எடுத்தாலும் இதே வசதிகள் உண்டு. காசநோயைக் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் தனியாருக்கும் கட்டாயம். எனவே அங்கிருந்து ஓர் ஊழியர் போன் செய்தால், முகவரியை மாற்றிச் சொல்லாதீர்கள். இன்னொன்று, தட்டு, டம்ளர், துணி மூலம் காசநோய் பரவாது. இருமும்போது காற்றில்தான் பரவும். தனித் தட்டு வைத்து மனசைப் புண்படுத்துவதைவிட, ஜன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்வதும் பயன்படும்.

இனி காய்ச்சல் கேள்வி.

நமக்கு ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. மழை பெய்தால் சந்தோஷம். குழாயில் தண்ணீர் வராத நாளுக்காகத் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைப்பதும் நம் பழக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது இந்தச் சுத்தமான தண்ணீர்தான். சாக்கடையில் அது முட்டையிடுவதில்லை. பகலில் கடிக்கும், சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் பறந்து போகாது. எனவே உங்களைக் கடித்த கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததுதான். 2017-ல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள்.

"எங்க வீட்டுப் பையனுக்கு மூணு நாளா காய்ச்சல்" என்று நீங்கள் சொன்னால் என்ன நடக்கும்? ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். தகவல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும். சுற்றியுள்ள வீடுகளில் தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு என்று தேடுவார்கள், அபேட் மருந்து ஊற்றுவார்கள், தேவைப்பட்டால் புகை அடிப்பார்கள், காய்ச்சல் முகாம் போடுவார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இவ்வளவும் அடுத்த ஆள் படுக்கும்வரை தள்ளிப்போகும். கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் மாடித் தொட்டியைத் திறந்து காட்டுங்கள். எல்லோரும் வேலைக்குப் போய் வீடு பூட்டியிருக்கும் என்றால், எந்த நேரம் ஆள் இருப்போம் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

ஏடிஸ் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரத்தில் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து, உள்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்து போனாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.

டெங்குவில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று முதல் ஏழு நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "விட்டுருச்சு" என்று குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவோம், நாமும் ஷிப்டுக்குக் கிளம்புவோம். உண்மையில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கலாம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த சோர்வு, கை கால் சில்லென்று ஆவது, சிறுநீர் குறைவது, இதில் எது தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவை அவை அதிகமாக்கும்.

இதைப் படிக்கும்போது கையில் போன் இருக்கிறது அல்லவா? இன்றைக்கே மூன்று எண்களைச் சேமித்து வையுங்கள். முதலாவது, உங்கள் பகுதி செவிலியரின் எண். துணை சுகாதார நிலையத்திலோ, நகரமாக இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு வாங்கலாம். இரண்டாவது, மருத்துவ ஆலோசனைக்கு 104. மூன்றாவது, காசநோய் பற்றிய சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800 11 6666. நர்சம்மா வராத வாரமும் இருக்கும். அப்போது அவர் வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த முறை அவர் வாசலில் நின்று கேட்கும்போது, வீட்டுக்குள் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். தாத்தாவின் இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, மில்லுக்குப் போகும் தம்பி ஏன் இளைத்துக்கொண்டே போகிறான், பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறதா என்று யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். முடிந்தால் அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுங்கள். இன்னும் பல வீடு பாக்கி இருக்கும்.