பனியில் ஒரு பிழைப்பு



"வாழ்க்கைக்கு நிறைவு தருவது நிலையான சம்பளமா, நெஞ்சுக்குப் பிடித்த தொழிலா?" எதிரணித் தலைவர் சொன்னார்: "மாசம் பொறந்தா சம்பளம் வரணும், அப்பத்தான் வீட்டுல மரியாதை." அவர் வீட்டு நிலவரம் அவருக்குத்தானே தெரியும்! (சிரிப்பு)

நான் ஒரு தொழிலைச் சொல்றேன். பனிச்சறுக்குப் பத்திரிகையாளர். காலில் ரெண்டு நீளப் பலகையை மாட்டிக்கிட்டு, பனிமலையிலேருந்து சறுக்கி இறங்கி, அதைப் பத்தி எழுதறவர். பலருக்கு நிரந்தர வேலை கிடையாது. கட்டுரை அச்சானாத்தான் காசு. கால் ஒடிஞ்சா கட்டுரையும் இல்லை, காசும் இல்லை. பனி உருகினா வருமானமும் உருகிடும்! (கைதட்டல்)

"ஓசியில ஊர் சுத்தறான்"னு சொல்லுவாங்க. உண்மைதான், ஓட்டல்ல தங்க இடம் கொடுப்பாங்க, விருந்து வைப்பாங்க. ஆனா அந்த விருந்தைச் சாப்பிட்டவரே, "இந்த ஊர்ல பனி சரியில்லை"ன்னு எழுதியாகணும். கல்யாணப் பந்தியில உட்கார்ந்துக்கிட்டே, பெண்ணோட அப்பாகிட்ட "சாம்பார்ல உப்பு இல்லை"ன்னு சொல்ற தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? (சிரிப்பு)

ஆர்னி வில்சன் என்று ஒரு ஆங்கிலேயர். லண்டன் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' நாளிதழில் பனிச்சறுக்கு பற்றி எழுதியவர். 1994-ஆம் ஆண்டு அவரும் அவருடைய காதலி லூசி டிக்கரும் ஒரு காரியம் செய்தார்கள். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஒருநாள் தவறாமல், 365 நாளும் சறுக்கினார்கள். வடக்கே கோடை வந்ததும், பூமிக்குத் தெற்கே குளிர்காலம் நடக்கிற நாடுகளுக்குப் போனார்கள். மொத்தம் 13 நாடுகள், ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர். கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள். (கைதட்டல்)

கைதட்டாதீங்க ஐயா, கொஞ்சம் பொறுங்க. அடுத்த வருஷம், 1995 ஏப்ரல். பிரான்ஸ் நாட்டில் லா கிராவ் என்ற மலை ஊர். சறுக்கும்போது விழுந்து லூசி இறந்துபோனார். 365 நாள் காப்பாத்தின பனி, அன்னிக்குக் கைவிட்டுடுச்சு.

எதிரணியினர் கேட்பார்கள்: "பார்த்தீர்களா? பிடித்த தொழில் என்ன கொடுத்தது?" நியாயமான கேள்விதான். நான் மழுப்ப மாட்டேன். அந்த இழப்புக்கு எந்தத் தொழிலும் ஈடு கட்டாது.

ஆனா ஐயா, அந்த மனுஷன் என்ன செய்தார்? அந்த ஒரு வருஷத்தையும், லூசியையும் பற்றி 'டியர்ஸ் இன் தி ஸ்னோ' என்று புத்தகம் எழுதினார். பலகையை மறுபடியும் காலில் மாட்டினார். பிரிட்டனின் பனிச்சறுக்குக் கழகப் பத்திரிகைக்குப் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 'போதும்'னு ஒதுங்கியிருந்தா யார் குறை சொல்லியிருப்பாங்க? சம்பளத்துக்காகச் செய்யற வேலையா இருந்தா அன்னிக்கே விட்டிருப்பார். அழுது முடிச்சதும் எந்த வேலை நம்மைத் திரும்பக் கூப்பிடுதோ, அதுதான் நிறைவு தர்ற வேலை!

எனவே, நிறைவு தருவது நெஞ்சுக்குப் பிடித்த தொழிலே என்று கூறி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)